மருந்தும் எலும்பும்: தீவுகளில் பணிபுரிவோர் அறியவேண்டியவை

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் மே மாதத்தில் தொடங்கும் மழை, ஆண்டின் இறுதிவரை விட்டுவிட்டுப் பெய்யும். வயல்களில் நீர் தேங்கும். எலிகளும் கால்நடைகளும் கழித்த சிறுநீர் அந்நீரில் கலக்கும். வெறுங்காலுடன் சேற்றில் இறங்கி நாற்று நடுவோரை எலிக் காய்ச்சல் பற்றும். இக்காய்ச்சல் இத்தீவுகளுக்குப் புதிதன்று. டெய்லர், கோயல் என்னும் இரு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் இங்கு இந்நோயை ஆராய்ந்து 1931-இல் அறிக்கை வெளியிட்டனர். 1988 முதல் வட அந்தமானின் டிக்லிப்பூர்ப் பகுதியில் மழைக்காலத்தின் பின் தோன்றி, நுரையீரலில் இரத்தம் கசியச் செய்து பல உயிர்களைக் கவர்ந்த மர்மக் காய்ச்சலும் இதுவே என்பது 1990-களில் நிகழ்ந்த ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. இவ்வாராய்ச்சியை நடத்தியது, போர்ட் பிளேரில் 1983-இல் நிறுவப்பெற்ற வட்டார மருத்துவ ஆராய்ச்சி நிலையமாகும். அந்நகரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பெற்றது.

இந்நிலையத்தார் வட அந்தமானில் 782 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2000-இல் வெளியிட்டனர். ஒரு சாராருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்கிளின் என்னும் மருந்தும், மறு சாராருக்கு அதைப் போன்ற தோற்றமுடைய வெறும் மாத்திரையும் கொடுத்தனர். கிருமி உடலில் புகுவதை அம்மருந்து தடுக்கவில்லை. ஆயினும் நோயாய் வெளிப்பட்டவர் தொகை, வெறும் மாத்திரை உண்டோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழாகவும், மருந்து உண்டோரில் நூற்றுக்கு மூன்றாகவும் இருந்தது.

மருந்துப் பெட்டியுடன் வீடு வீடாகச் செல்லும் பணியாளரிடம் தாய்மார் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு: "இந்த மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுத்தால் பல் கறுத்துப்போகும், எலும்பு வளராது என்கிறார்களே, மெய்தானா?" இக்கேள்வியை அலட்சியம் செய்வதும் தவறு, "ஆம்" என்று சொல்லி மாத்திரையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவதும் தவறு. இதற்கு விடை கூறவேண்டுமானால், மருந்துக்கும் எலும்புக்கும் உள்ள உறவை முதலில் அறிதல் வேண்டும்.

எலும்பு உயிருள்ள பொருள்

பள்ளியின் அலமாரியில் தொங்கும் எலும்புக்கூட்டைக் கண்டு பழகிய நாம், எலும்பைக் கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் என எண்ணிவிடுகிறோம். உண்மை வேறு. எலும்பு ஓயாது இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வரும் ஒரு வீடு. எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் ஒரு வகை. அரித்த இடத்தில் புதிதாகக் கட்டும் உயிரணுக்கள் மற்றொரு வகை. ஆண்டுதோறும் நம் எலும்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே இருக்கின்றது. எஞ்சிய ஒரு பங்கு, இரத்தத்திலும் தசையிலும் இருந்து இதயத் துடிப்பையும் நரம்பின் வேலையையும் காக்கின்றது. இரத்தத்தில் சுண்ணாம்பு குறையுமானால், உடல் தயக்கமின்றி எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். எலும்பு நமக்குத் தூண் மட்டுமன்று, சேமநிதியும் ஆகும்.

உணவிலுள்ள சுண்ணாம்பு குடலிலிருந்து இரத்தத்தை அடைய வைட்டமின் டி தேவை. இவ்வைட்டமினைச் சூரிய ஒளியின் துணைகொண்டு நம் தோலே ஆக்குகிறது. அது கல்லீரலில் ஒரு மாற்றமும், சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றமும் பெற்ற பின்னரே பயன் தரும். ஆகவே எலும்பின் நலம் குடல், தோல், கல்லீரல், சிறுநீரகம், எலும்பு கட்டும் உயிரணு ஆகிய ஐந்தையும் பொறுத்தது. நாம் அன்றாடம் உண்ணும் மருந்துகளிற் சில, இவற்றுள் ஏதேனும் ஒன்றில் குறுக்கிடுகின்றன.

எலும்பில் தங்கும் மருந்து

டாக்சிசைக்கிளின், டெட்ராசைக்கிளின் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினை 1948-இல் உலகுக்கு வழங்கிய அமெரிக்க ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். யானைக்கால் நோய்க்குரிய டைஎத்தில் கார்பமசின் மருந்தும் அவர் தலைமையில் உருவானதே. எலும்பின் மற்றொரு மூலப்பொருளான பாஸ்பரத்தை இரத்தத்தில் அளக்க அவர் பிஸ்கேயுடன் சேர்ந்து 1925-இல் வகுத்த முறை, நெடுங்காலம் உலகெங்கும் கையாளப்பட்டது.

டெட்ராசைக்கிளினுக்குச் சுண்ணாம்பைப் பற்றிக்கொள்ளும் இயல்பு உண்டு. எலும்போ பல்லோ உருவாகிக்கொண்டிருக்கும் இடத்தில் அது படிந்துவிடும். 1956-இல் இம்மருந்து உண்ட குழந்தைகளின் பற்களில் நிறமாற்றம் காணப்பட்டது. மறு ஆண்டில், மருந்து படிந்த எலும்பு புற ஊதாக் கதிரின் கீழ் மஞ்சளாய் ஒளிர்வதை விஞ்ஞானிகள் கண்டனர். 1963-இல், குறைமாதக் குழந்தைகளுக்கு இம்மருந்தைக் கொடுத்தபோது கால் எலும்பின் வளர்ச்சி நூற்றுக்கு நாற்பது வரை தடைப்பட்டதும், மருந்தை நிறுத்தியதும் வளர்ச்சி மீண்டதும் அளந்து காட்டப்பட்டன. இக்குறையே பின்னர் ஒரு கருவியாயிற்று. சில நாட்கள் இடைவிட்டு இருமுறை டெட்ராசைக்கிளின் கொடுத்து, எலும்பில் தோன்றும் இரு மஞ்சள் கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால், எலும்பு எவ்வளவு விரைவாக வளர்கிறது என்பது புலனாகும். எலும்பு நோய் ஆராய்ச்சியில் இம்முறை இன்றும் வழங்குகிறது.

ஆகவே தாயின் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அது பழைய டெட்ராசைக்கிளினை நீண்ட நாள் உண்டவர்களைப் பார்த்து எழுந்த அச்சம். டாக்சிசைக்கிளின் சுண்ணாம்பைப் பற்றும் வலிமை குறைந்தது. 21 நாட்களுக்கு மிகாத சிகிச்சைக்கு எவ்வயதுக் குழந்தைக்கும் இதைத் தரலாம் என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அண்மை ஆண்டுகளில் வகுத்துள்ளது. உயிருக்கு உலை வைக்கும் காய்ச்சலில் டாக்டர் சில நாட்களுக்கு இம்மருந்தை எழுதினால் தயங்க வேண்டுவதில்லை. டாக்டரைக் கேளாமல் தாமே வாங்கிக் குழந்தைக்கு மாதக்கணக்கில் கொடுப்பதும், கர்ப்பிணிகள் டாக்டரின் கட்டளையின்றி உண்பதும் கூடா.

இதில் நடைமுறைக் குறிப்பு ஒன்றுண்டு. சுண்ணாம்பைப் பற்றும் அதே இயல்பினால், பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றுப் புளிப்பை அடக்கும் பால்மருந்து ஆகியவற்றுடன் சேர்த்து உண்டால் டெட்ராசைக்கிளின் குடலிலேயே கட்டுண்டு வீணாகும். டாக்சிசைக்கிளினைப் பால் அவ்வளவாகப் பாதிப்பதில்லை எனினும், மற்றவை வெகுவாகப் பாதிக்கும். பள்ளியில் வாரந்தோறும் இரும்புச் சத்து மாத்திரை பெறும் மாணவர் அன்றே டாக்சிசைக்கிளினும் உண்ணவேண்டியிருந்தால், இரண்டுக்குமிடையே இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடச் செய்தல் ஆசிரியரின் கடமை.

கல்லீரலின் வழியாக

வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்பெறும் பீனோபார்பிட்டோன், பெனிட்டாயின், கார்பமசிப்பின் ஆகிய மருந்துகள் கல்லீரலின் நொதிகளைத் தூண்டுகின்றன. தூண்டப்பெற்ற கல்லீரல், மருந்தை மட்டுமன்றி வைட்டமின் டியையும் விரைவாகச் சிதைத்துவிடுகிறது. இவ்வாறு எலும்பு மென்மையுற்ற நோயாளிகளைப் பற்றி 1970-இல் லண்டன் மருத்துவர்கள் விரிவாக எழுதினர். எலும்பு வலி, நடையில் தள்ளாட்டம், மாடிப்படி ஏறவும் தரையிலிருந்து எழவும் இயலாமை, குழந்தைகளாயின் கால்கள் வளைதல் ஆகியவை இதன் குறிகள். பல்லாண்டுகள் மருந்து உண்பவர்க்கும், வெயில் படாது வீட்டினுள்ளேயே வைக்கப்படுவோர்க்கும் இது மிகுதி. வலிப்பு நோயுள்ள குழந்தையை வெளியே விடாமல் மறைத்து வைக்கும் வழக்கம் எங்கு உண்டோ, அங்கு அக்குழந்தை இருமுறை தண்டிக்கப்படுகிறது: கல்வியையும் இழக்கிறது, வெயிலையும் இழக்கிறது.

காசநோய் மருந்தான ரிபாம்பிசினும் கல்லீரலை இவ்வாறே தூண்டுவது. ஐசோநயசிட் வைட்டமின் டி மாற்றமுறுவதைத் தடுப்பது. கார் நிக்கோபாரில் 1986-இல் காசநோய் நிலைமை ஆராயப்பெற்றது. பதினைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்தபோதும் நோய் அங்கே பெரும் சுமையாகவே இருந்தது. வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையில் எலும்புக்கு நேரும் கேடு சிறியது. நோய் செய்யும் கேட்டுடன் ஒப்பிட்டால் ஒரு பொருட்டன்று. ஆனால் அதே நோயாளி வலிப்பு மருந்தும் உண்பவராகவோ, ஊட்டமற்றவராகவோ, மருந்துக்கு மசியாத காசத்துக்காக நீண்ட சிகிச்சை பெறுபவராகவோ இருந்தால், டாக்டரின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நம் நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லையே என்று கேட்கலாம். டெல்லியில் நலமாயிருந்தோரை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களிற் பெரும்பாலோரிடம் வைட்டமின் டி குறைவாகவே இருந்தது. வெயில் நாட்டில் இருப்பது வேறு. வெயில் உடலில் படுவது வேறு.

வயிற்றின் வழியாக

ஒமிப்ரசோல், பாண்டப்பிரசோல் முதலிய மாத்திரைகள் இரைப்பையில் அமிலம் சுரப்பதை அடக்குகின்றன. வயிற்றெரிச்சலுக்கு இரண்டு வாரம் உண்ணவேண்டிய இவற்றை, உணவுக்கு முன் உண்ணும் பழக்கமாகவே ஆண்டுக்கணக்கில் கைக்கொள்பவர் பலர். சாதாரணமாகக் கொடுக்கப்பெறும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கால்சியம் கார்பனேட் ஆகும். அது கரைவதற்கு அமிலம் வேண்டும். இம்மாத்திரைகளை ஓராண்டுக்கு மேலோ மிகுந்த அளவிலோ உண்டவரிடையே இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவுகள் சற்று மிகுதியாகக் காணப்பட்டமையால், அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-இல் எச்சரிக்கை விடுத்தது. மருந்தே முறிவுக்குக் காரணம் என இதனால் முடிவு கட்டலாகாது. நீண்ட நாள் மருந்து உண்போர் பிற நோய்களும் உடையவராயிருத்தல் கூடும். எனினும் தேவையின்றித் தொடரவேண்டா என்பதற்கு இது போதிய காரணமே. அலுமினியம் கலந்த பால்மருந்தை அளவின்றி நெடுநாள் குடிப்பதும் தீங்கு. அது உணவிலுள்ள பாஸ்பரத்தைக் குடலிலேயே கட்டிப்போடும்.

எலும்பு கட்டும் தொழிலையே நிறுத்தும் மருந்து

இதுவரை கூறியவை யாவற்றினும் அஞ்சத்தக்கது, ஸ்டீராய்டு எனப்படும் பிரட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் குடும்பமாகும். அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தில் 1948 செப்டெம்பரில், மூட்டுவாதத்தால் படுத்த படுக்கையாயிருந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் இக்கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உடலில் இச்சுரப்பு மிகுந்தால் முகம் வட்டமாகி எலும்பு நொய்ந்துபோகும் என்பதை, ஹார்வி குஷிங் என்னும் மருத்துவர் 1932-லேயே விவரித்திருந்தார்.

ஸ்டீராய்டு மூன்று வழிகளில் எலும்பைத் தாக்குகிறது. எலும்பு கட்டும் உயிரணுக்களை வேலை நிறுத்தம் செய்விக்கிறது; குடலில் சுண்ணாம்பு ஏறுவதைக் குறைக்கிறது; சிறுநீரில் சுண்ணாம்பு கழிவதைப் பெருக்குகிறது. நாள்தோறும் உண்டால், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே முறிவின் அபாயம் உயர்கிறது. மருந்தை நிறுத்தினால் அபாயம் படிப்படியாகக் குறைகிறது. முதுகெலும்பு நசுங்குவது பல சமயம் வலியின்றியே நிகழும். உயரம் குறைவதும் கூன் விழுவதுமே அதன் அடையாளம். குழந்தைகளில் வளர்ச்சி குன்றும்.

இதற்கு வேறான மற்றொரு கேடும் உண்டு. ஸ்டீராய்டினால் தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, அப்பகுதி மடிந்துபோகலாம். 2020-21-இல் கொரோனா நோய்க்கு ஸ்டீராய்டு பல உயிர்களைக் காத்தது. ஆனால் 2021-இல் மும்பை இந்துஜா மருத்துவமனையின் மருத்துவர்கள், அச்சிகிச்சை பெற்ற மூவருக்கு இவ்வாறு தொடை எலும்பின் தலை மடிந்ததை வெளியிட்டனர். அவர்கள் பெற்ற மருந்தின் மொத்த அளவு, பிரட்னிசோலோன் கணக்கில், சராசரி 758 மில்லிகிராம். கொரோனா கண்டறியப்பட்டதிலிருந்து சராசரி 58 நாளில் இடுப்பு வலி தோன்றிற்று. ஆகவே ஸ்டீராய்டு உண்டவர் ஒருவர் தொடையிடுக்கில் வலி என்று சொன்னால், "வாயு" என்று தைலம் தேய்த்து அனுப்பிவிடலாகாது.

சட்டப்படி டாக்டரின் சீட்டின்றி ஸ்டீராய்டு விற்கக்கூடாது. எனினும் மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் "உடனே கேட்கும் மாத்திரை" என்று கைமாறுவது இதுவே. பெயரற்ற பொடியிலும் சூரணத்திலும் இதைக் கலப்பதும் உண்டு. முதல் வாரத்தில் வலி பறந்துபோகும், பசி எடுக்கும், முகம் பூரிக்கும். "உடம்பு தேறிற்று" என்று வீட்டார் மகிழ்வர். அப்பூரிப்பே எச்சரிக்கை என்பதை நாம் அவர்களுக்கு உணர்த்த வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு சொல் அழுத்திக் கூறவேண்டும். நெடுநாள் ஸ்டீராய்டு உண்டவர் அதைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே அபாயம். வெளியிலிருந்து மருந்து வருவதால் உடலின் சொந்தச் சுரப்பி உறங்கிவிடுகிறது. அது விழித்தெழ நாட்கள் தேவை. தலைசுற்றல், வாந்தி, மயக்கம் நேர்ந்து உயிர் போதலும் உண்டு. டாக்டரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைப்பதே வழி. தொழுநோயின் எதிர்வினைக்கும் கடுமையான ஆஸ்துமாவுக்கும் டாக்டர் தரும் ஸ்டீராய்டு, நரம்பையும் உயிரையும் காப்பது. ஆஸ்துமாவுக்கு மூச்சில் இழுக்கும் மருந்தில் ஸ்டீராய்டின் அளவு மிகச் சிறிது. மாத்திரையைக் காட்டிலும் அதுவே எலும்புக்கு நல்லது. அக்குழலைக் கண்டு அஞ்சும் பெற்றோர்க்கு ஆசிரியர் இதை எடுத்துரைக்கலாம்.

ஊசியும் பிறவும்

குடும்பநலத் திட்டத்தில் 2017 முதல் "அந்தரா" என்னும் பெயரில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் கருத்தடை ஊசி, எலும்பின் அடர்த்தியைச் சிறிது குறைப்பது. ஊசியை நிறுத்திய பின் அடர்த்தி பெரும்பாலும் மீள்கிறது. எனவே அச்சுறுத்தி நிறுத்தவேண்டா. பல்லாண்டுகள் தொடர்வோர் டாக்டரைக் கலந்துகொள்ள வேண்டும் என்று சொன்னால் போதும். தைராய்டு மாத்திரையும் தேவைக்கு மேற்பட்டால் எலும்பைத் தேய்க்கும். ஆகவே குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை தேவை. இதற்கு மாறாக, இரத்த அழுத்தத்துக்குத் தரும் தயசைடு மருந்து சிறுநீரில் சுண்ணாம்பு கழிவதைக் குறைத்து எலும்புக்குத் துணை செய்கிறது. மருந்து யாவும் எலும்புக்குப் பகை என்பது தவறென அறிக.

தீவில் ஓர் எலும்பு முறிந்தால்

பெருநகரில் ஒரு மூதாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால், சில மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை மேசையை அடைவாள். பெரிய நிக்கோபாரின் காம்ப்பெல் விரிகுடாவிலிருந்து தலைநகர் 500 கிலோமீட்டருக்கும் அப்பால். இடையில் இருப்பது கடல். கடல் சீறினால் கப்பல் காத்திருக்கும். மேகம் கவிந்தால் ஹெலிகாப்டர் பறவாது. முறிந்த இடுப்புடன் படுத்திருக்கும் முதியவரைப் படுக்கைப் புண்ணும் நுரையீரல் காய்ச்சலும் தேடி வரும். எலும்பின் தாதுப்பொருள் நூற்றுக்கு முப்பது அளவு குறைந்த பின்னரே எக்ஸ்-ரே படத்தில் தெரியவரும். ஆகவே படம் பார்த்துக் காக்க எண்ணுவது காலங்கடந்த செயல். வரும்முன் காப்பதே தீவில் வாழ்வோர்க்குத் தக்கது.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

வீடு தோறும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என்ன மாத்திரை உண்கிறீர்கள்? எத்தனை நாளாக? யார் கொடுத்தது? பெயர் தெரியாவிட்டால் வெறும் அட்டையையேனும் வாங்கிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு, ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை, நிறுத்தப்படாத புளிப்பு மாத்திரை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் குறிப்பேட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவேண்டா. வலிப்பு மாத்திரையையும் காசநோய் மாத்திரையையும் நடுவில் விடுவதால் வரும் கேடு, எலும்பின் கேட்டினும் பெரிது.

வளர்ந்தவர்க்கு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த அளவு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும், முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேலும் உண்டு. பால் அரிதான தீவில், முள்ளோடு மென்று உண்ணும் நெத்திலி போன்ற சிறு மீன் அதன் இடத்தை நிரப்பும். கைகாலில் வெயில் படச் சிறிது நேரம் உழைப்பதும் நடப்பதும் எலும்பை வலுப்படுத்தும். முதியோர் வீட்டில் பாசி படிந்த படியும், இருண்ட புழக்கடையும், கால் தடுக்கும் பாயும் சீர்செய்யப்பட வேண்டும். அவற்றுக்கு மருந்துச் சீட்டு வேண்டுவதில்லை.

இனி, தொடக்கத்தில் கண்ட தாய்க்கு விடை சொல்லலாம். "அம்மா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும், சொன்ன அளவில் கொடுங்கள். பிள்ளையின் காய்ச்சல் தீரும், எலும்புக்கும் பழுது வராது. மீந்த மாத்திரையை எடுத்துவைத்து அடுத்த காய்ச்சலுக்குக் கொடுக்காதீர்கள். அப்போது எங்களைக் கூப்பிடுங்கள்." இவ்வளவே. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்னும் கணக்கைத் தவறாது வைத்திருக்கும் ஊரில், மருந்து நோயைத் தீர்க்கும். எலும்பும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.